எத்தனை பாகம் தண்ணி?

ஏலே, இங்கன வா. திண்ணையில ஏறி உக்காரு. அந்தக் கம்ப்யூட்டர மூட வேண்டாம், தொறந்தபடியே இருக்கட்டும். தை மாசக் கல்யாணத்துக்குப் பந்தக்காரன், சமையக்காரன், நாதஸ்வரக்காரன்னு ஒங்கப்பன் தெருத் தெருவா அலையுதான். மாப்பிள்ள நீ மூணு மாசமா மாலத்தீவுல கெடக்க. சாப்பிடக் கூப்பிட்டா, 'இரி தாத்தா, இப்பத்தான் ஒரு தீவுல எறங்கிருக்கேன்'ங்க. எறங்குனவன் காலுல ஒரு பொட்டு மணலாவது ஒட்டியிருக்கணும்லா. நானும் தெனம் ஒன் காலையே பாக்கேன்.

மொகத்தச் சுருக்காத. குத்தஞ் சொல்ல வரல, மெச்சத்தான் வந்தேன். தூத்துக்குடித் தோணியில நான் மாலேவுக்கு இருவத்தாறு நடை போயிருக்கேன். வெங்காயம், உருளைக்கெழங்கு, செங்கல், ஜல்லின்னு ஏத்திக்கிட்டு, ராத்திரி பூரா தண்டல் வாயில இருந்து வார வசவையும் வாங்கிக்கிட்டுப் போவோம். அத்தனை நடையிலயும் நான் பாத்தது என்னன்னு நெனைக்க? ஒரு துறைமுகம், ஒரு கஸ்டம்ஸ் ஆபீசு, மூட்டை கொறையுதுன்னு சண்டைக்கு நிக்க ஒரு யாவாரி. மொத்தம் 1,192 தீவுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். என் கணக்குல ஒண்ணுதான். நீ திண்ணைய விட்டு எறங்காம நானூறு ஐநூறு பாத்துட்ட. அப்ப நம்ம ரெண்டு பேருல எவன்லே மாலுமி?

ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதும்பாக. இந்தக் காலத்து ஏட்டுல சுரைக்காயோட காம்பும் தெரியுது, அதுல இருக்க பூனை மயிரும் தெரியுது. கறிக்குத்தான் இன்னும் உதவல.

ஒன் மாலத்தீவுல ஒரு சௌரியம், மழையே கெடையாது. நாங்க கச்சான் காத்துக்குப் பயந்து வைகாசியில தோணியக் கட்டிப் போட்டா, ஆவணி கழிஞ்சுதான் திரும்ப எடுப்போம். அந்த மாசங்கள்ல அங்கயும் ஊத்து ஊத்துன்னு ஊத்தும். ஒன் கம்ப்யூட்டர்ல மட்டும் எப்பப் பாத்தாலும் வெயில். எப்பிடிரான்னு ஒன் கூட்டாளிகிட்ட கேட்டேன். விவரமான பய. 'தாத்தா, அது ஒரு நாள்ல எடுத்த படம் இல்ல. சாட்டிலைட் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எடுக்கும். மேகம் மூடுனதக் கழிச்சுட்டு, தெளிஞ்ச துண்டா எடுத்து ஒட்டிருவாங்க'ன்னான். லேண்ட்சாட்டுன்னு அமெரிக்காக்காரன் 1972ல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு மேல விட்டுக்கிட்டு இருக்கானாம், ஒரு சாட்டிலைட்டு அதே எடத்துக்குத் திரும்ப வரப் பதினாறு நாளாவும். சென்டினல்-2ன்னு ஐரோப்பாக்காரன் சோடி போட்டு விட்டிருக்கது அஞ்சு நாளைக்கு ஒருக்க வரும். கிழிஞ்ச சேலையில நல்ல துண்டாப் பாத்து வெட்டி ஒங்க பாட்டி விரிப்பு தைப்பாள்லா, அந்தக் கணக்குதான். இந்தக் கரை ஒரு வருசத்துது, அதுக்குப் பக்கத்துக் கடல் வேற வருசத்துது. அதக் காட்டி, 'இப்ப எப்பிடி இருக்கு பாரு'ங்க.

நம்ம வீட்டையே அதுல பாரேன். போன வருசம் வெட்டுன வேப்பமரம் இன்னும் கம்பீரமா நிக்கி. அத வெட்டுனதுக்கு எதுத்த வீட்டுக்காரி இன்னும் எங்கூடப் பேசல. கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயி, 'வெட்டவே இல்ல தாயி, நீயே பாரு'ன்னு சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

சரி, அந்த நீலத்துக்கு வருவோம். 'என்ன கலரு தாத்தா'ன்னு வாயப் பொளக்கியே, அது கலரு இல்லலே, ஆழம். வெள்ள மணல் மேல ரெண்டு பாகம் தண்ணி கெடந்தா பச்சை கலந்த நீலம். ஆழம் கூடக் கூடக் கருநீலம். அடியில பார் இருந்தா பழுப்படிக்கும். வெயிலுல இருக்க செகப்பத் தண்ணி மொதல்ல குடிச்சுரும், நீலந்தான் ஆழம் வரைக்கும் போயித் திரும்பும். நாங்க அணியத்துல ஏறி நின்னு தண்ணி நெறத்தப் பாத்துத்தான் சுக்கான் பிடிக்கவனுக்குக் கை காட்டுவோம். இப்ப சாட்டிலைட் படத்து நெறத்த வச்சே, தெளிஞ்ச தண்ணியா இருந்தா, இருவது மீட்டர் வரைக்கும் ஆழம் கணக்குப் போட்டுருதாங்க. நாங்க பீடி குடிச்சுக்கிட்டே செஞ்ச வேலை.

ஆனா நெறத்தப் பாத்ததோட நாங்க நிக்க மாட்டோம். கயித்துல ஈயக்குண்டக் கட்டி எறக்குவோம். 'எத்தனை பாகம்லே தண்ணி?'ன்னு தண்டல் பின்னால இருந்து கத்துவாரு. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கயித்த அப்பிடி அளந்து பதில் சொல்லணும். 'பாத்தா ஆழமாத்தான் தெரியுது'ன்னு ஒருத்தன் ஒருக்கச் சொன்னான். அன்னைக்கு அவனுக்குச் சோறு கெடையாது. இத மனசுல வையி, பெறகு கேப்பேன்.

நீ பொண்டாட்டியோட படுத்துக் கெடக்கப் போற வெள்ள மணல் இருக்குலா, அது என்னன்னு தெரியுமா? கிளிமீன் பேண்டது. சிரிக்காத, மெய்யாத்தான். கிளி மூக்கு கணக்கா இருக்க பல்லால பவளப் பாரச் சொரண்டித் தின்னுட்டு, சுண்ணாம்பை அரைச்சு வெளிய தள்ளும். அங்க கரையில கெடக்க மணல்ல பெரும்பங்கு அந்த மீனு வயித்துக்குள்ள போயி வந்ததுன்னு ஆராஞ்சவங்களே எழுதிருக்காங்க. விளம்பரத்துல மீனையும் காட்டுவான், மணலையும் காட்டுவான், ரெண்டுக்கும் நடுவுல நடந்தத மட்டும் சொல்ல மாட்டான்.

1972ல அங்க மொத ரிசார்ட்டு தொறந்தப்ப வச்ச பேரு குரும்பா. அவங்க திவேகி பாசையில எளநின்னு அர்த்தம். நம்ம குரும்பை தாம்லே! நமக்குக் குரும்பைன்னா காத்துல உதிந்து, ஆட்டுக்குட்டி மோந்து பாத்துட்டுப் போற பிஞ்சு. அவங்க அதப் பலகையில எழுதி மாட்டி டாலர் டாலரா வாங்கிட்டாங்க. பவளத் திட்டு வளையமாக் கெடந்தா அத 'அட்டோல்'னு ஒலகம் பூராச் சொல்லுதானே, அதுவும் அவங்க பாசையில இருந்து போன சொல்லுதான். அதுக்கு மட்டும் காசு கேக்க விட்டுட்டாங்க.

ஏன் வளையமாக் கெடக்குன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா? மேல இருந்து தெனம் பாக்கவன் நீதான கேக்கணும். சாட்டிலைட் இல்லாத காலத்துல டார்வின் கேட்டான். 1842ல அதுக்குன்னே புஸ்தகம் போட்டான். நடுவுல ஒரு எரிமலை இருந்துச்சு, அது கொஞ்சங் கொஞ்சமா அமுங்குச்சு, சுத்தி இருந்த பவளம் மேல மேல வளந்துக்கிட்டே வந்துச்சு, கடைசியில மலை மூழ்கிப் போயி வளையம் மட்டும் நிக்கின்னான். பாதி பேரு நம்பல. 1952ல பசிபிக் கடல்ல எனிவெட்டாக்ங்கிற அட்டோல்ல தொளை போட்டாங்க. பவளச் சுண்ணாம்பத் தொளைச்சு 1,200 மீட்டருக்குக் கீழ போன பெறகு எரிமலைக் கல்லு தட்டுச்சு. பாத்தியா, டார்வின் சொன்னாலும் குண்டு எறக்கித்தான் நம்புனாங்க.

மாலேவுக்கு மேக்கால ஒரு தீவு இருக்குமே, திலாஃபுஷின்னு. அதுல நீ ஏன் எறங்கல? தொண்ணூறுகள்ல இருந்து மாலே ஊருக் குப்பையக் கொட்டிக் கொட்டி ஒசத்துன தீவு அது. சாட்டிலைட் ஒளிக்கல, உள்ளது உள்ளபடி காட்டுது. நீதான் வெரல வச்சு ஒதுக்கிட்டு அடுத்த பங்களாவுக்குப் போற.

அப்பறம் அந்த அறையச் சுத்திக் காட்டுத படம். வெரலால இழுத்தா கட்டில் வருது, இன்னும் இழுத்தா குளியலறை வருது, சன்னலத் தாண்டுனா கடல் வருது. எட்டடி அறையப் பதினாறடியா விரிச்சுக் காட்டுத வில்லை வச்சுத்தாம்லே அத எடுக்கான். சந்தேகமா இருந்தா நம்ம ஊரு கல்யாண வீடியோக்காரன்ட்ட கேளு. முப்பது பேரு உக்காந்த பந்தியத் தேரோட்டக் கூட்டமாக் காட்டித் தாரேன்பான். துட்டும் அதுக்குத்தான வாங்குதான்.

எல்லாத்தையும் நான் பழிக்க மாட்டேன். 2012ல ஆஸ்திரேலியாவுல பெரிய பவளத் திட்டுக்குள்ள முங்கி, தண்ணிக்கடியில தெருப்படம் கணக்கா எடுத்துட்டு வந்து போட்டாங்க. மறு வருசம் கலாபகஸ் தீவுல ஆமைகளுக்கு ஊடால ஒருத்தன் கேமராவ முதுகுல சொமந்துக்கிட்டு நடந்தான். பதினஞ்சு கண்ணு வச்ச பந்தாம் அது, தலைக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கும். வேர்த்தது அவனுக்கு, ஆமையப் பாத்தது நீ. அவனுக்கு நான் ஒரு கும்பிடு போடுதேன். மூட்டை தூக்குனவன் அருமை மூட்டை தூக்குனவனுக்குத்தான் தெரியும்.

இப்பக் கதைக்கு வாரேன். ஆஸ்திரேலியாவுக்குக் கெழக்க பவளக் கடல்னு ஒண்ணு கெடக்கு. அதுல நியூ கலிடோனியாவுக்குப் போற வழியில சாண்டி தீவு, மணல் தீவுன்னு வச்சுக்க. 24 கிலோமீட்டர் நீளம், அஞ்சு கிலோமீட்டர் அகலம். தூத்துக்குடியையே தூக்கி உள்ள வைக்கலாம். 1876ல வெலாசிட்டின்னு ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல்காரன் கண்டேன்னு எழுதி வச்சான். அத ஒருத்தன் வரைபடத்துல போட்டான். அதப் பாத்து இன்னொருத்தன் போட்டான். 'கெழக்குத் தெருவுல ஒரு கல்யாணம் நின்னுபோச்சாம்லா'ன்னு ஒருத்தி சொல்ல, ஆத்துப்பாலம் தாண்டுறதுக்குள்ள தாலியே அறுந்துபோச்சுன்னு ஆகுமே, அந்த மாதிரி. கம்ப்யூட்டர் காலம் வந்ததும் பழைய வரைபடத்துல இருந்ததெல்லாம் அதுக்குள்ள ஏறிருச்சு. கூகுள் எர்த்துலயும் அந்த எடத்துல நீளமாக் கறுப்பா ஒரு கறை. பெரிய கம்பெனி சொன்னா பெறகு யாரு கேப்பா?

2012 நவம்பர்ல சதர்ன் சர்வேயர்ங்கிற ஆராய்ச்சிக் கப்பல் அந்தப் பக்கம் போச்சு. சிட்னி பல்கலைக்கழகத்து ஆளுக அதுல இருந்தாங்க. ஒரு படத்துல தீவு இருக்கு, மாலுமி கையில இருக்க படத்துல 1,400 மீட்டர் ஆழம்னு போட்டிருக்கு. எத நம்புவ? கப்பல மெள்ள விட்டு, ஆழத்த அளந்துக்கிட்டே தீவுக்கு நேரா போனாங்க. கரை வரணும், வரல. மரம் வரணும், வரல. தீவோட நடு மத்திக்கே போயாச்சு, அடியில எழுநூறு பாகத்துக்குக் கொறையாத தண்ணி! தீவு இல்ல. என்னைக்குமே இருந்ததும் இல்ல. கடலுக்கடி எரிமலை கக்குன நுரைக்கல்லு கூட்டமா மெதந்து போனத அந்தத் திமிங்கிலக்காரன் தீவுன்னு நெனைச்சிருப்பாம்னு ஒரு பேச்சு. கூகுள்காரனும் சத்தமில்லாம அழிச்சுட்டான்.

நூத்தி முப்பத்தாறு வருசம்லே. எத்தனை பேரு பாத்து, எத்தனை பேரு நகலெடுத்து! அதுல ஒன்னைய மாதிரி ஒரு பேரன், 'தாத்தா, நான் அங்கதான் இருக்கேன், கரை சூப்பரா இருக்கு'ன்னு சொல்லிருப்பானா இல்லையா?

கால் வைக்கவே கூடாத தீவும் ஒண்ணு இருக்கு, அத மட்டும் நீ படத்துல பாத்தாலே போதும். அந்தமான்ல வடக்கு சென்டினல். சுத்தி அஞ்சு கடல் மைலுக்கு உள்ள யாரும் போவக்கூடாதுன்னு அரசாங்கத்துத் தடை. 1981ல தரை தட்டுன ப்ரிம்ரோஸ்ங்கிற கப்பலோட மிச்சம் சாட்டிலைட் படத்துல தெரியும், மத்ததெல்லாம் ஒரே காடு. 2004 சுனாமிக்குப் பெறகு, இருக்காங்களா இல்லையான்னு பாக்கப் போன ஹெலிகாப்டர நோக்கி ஒருத்தன் வில்ல வளைச்சு நின்னானே, அந்தப் படத்தப் பாத்திருப்ப. இருக்கோம், ஆனா நீங்க வேண்டாம்னுட்டான். இதுக்கு மேல ஒரு பதிலு எவன் சொல்ல முடியும்?

இல்லாத தீவும் ஆச்சு, ஏறக்கூடாத தீவும் ஆச்சு. இருந்து இல்லாமப் போன தீவு ஒனக்குத் தெரியுமா? மாலத்தீவுல தேடாத, நம்ம வாசல்ல இருக்கு. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. வான் தீவு, காரைச்சல்லி, நல்லதண்ணித் தீவு, முயல் தீவு, குருசடை... அதுல நம்ம பக்கம் விலங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு. வான் தீவு தேஞ்சு தேஞ்சு ஒரு துண்டுக் கரையா நிக்கி. அலை வேகத்தக் கொறைக்க அதுக்கு முன்னால செயற்கைப் பார் செஞ்சு கடல்ல எறக்கி வச்சிருக்காங்க.

1984ல இருந்து வருசா வருசம் ஓட்டிக் காட்டுத படம் இருக்குன்னு எனக்குக் காட்டுனியே. மாலே பக்கத்துல ஹுல்ஹுமாலே, 1997க்குப் பெறகு கடல்ல மணலக் கொட்டிக் கொட்டித் தரையாகுதது நல்லாத் தெரிஞ்சுது. நம்ம வான் தீவு எங்கலேன்னேன். தேடித் தேடி, 'தெளிவாத் தெரியல தாத்தா'ன்ன. எப்பிடித் தெரியும்? லேண்ட்சாட்டு படத்துல ஒரு கட்டம் முப்பது மீட்டர். நான் போன தோணியே ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிரும். டாலர் போட்டு ஒசத்துன தீவு தூரத்துல இருந்தே தெரியும், ஏழைத் தீவு அழியுதது கிட்டப் போனாத்தான் தெரியும்.

யாரு தின்னா அந்தத் தீவன்னு கேக்க மாட்டியா? நாந்தான். நாங்கதான். எங்க காலத்துல பவளக்கல்ல ஒடைச்சு வள்ளம் வள்ளமாக் கொண்டாந்தோம். சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொஞ்சம், வீடு கட்டக் கொஞ்சம். தீவுக்கு அரணா இருந்த பார ஒடைச்சா அலை நேராத் தீவுல வந்து மோதாதான்னு ஒருத்தனும் யோசிக்கல. யோசிச்சவனும் கூலிய வாங்கிட்டுத்தான் யோசிச்சான். பெறகு கல்லெடுக்கக் கூடாதுன்னு தடை வந்துச்சு, அரசாங்கத்தத் திட்டிக்கிட்டே விட்டோம். இந்தத் திண்ணைய வெரலால தட்டிப் பாரு. பூச்சு உதிந்த எடத்துல பாரு, பொள்ளல் பொள்ளலா, தேன்கூடு மாதிரி. எந்தக் கல்லுன்னு நெனைக்க? மூணு மாசமா நீ தீவு மேல உக்காந்துக்கிட்டுத்தாம்லே தீவு தேடுத.

பேச்சு கனத்துப் போச்சு. அந்தத் தண்ணிச் செம்ப எடு.

ம். இப்பச் சொல்லு. நீ நீலத்தப் பாத்துட்ட, மணலப் பாத்துட்ட, கட்டில உருட்டி உருட்டிப் பாத்துட்ட. ஈயக்குண்டு எறக்குனியா? முழிக்காத. கட்டிக்கப் போற புள்ளட்ட ஒரு வார்த்தை கேட்டியா? 'சர்ப்ரைஸ் தாத்தா'ங்க. சரிதான்.

நான் கேட்டேன். போன செவ்வாக்கெழம ஒங்கம்மாகூடப் பேசிக்கிட்டு இருந்தா, போன நான் வாங்கிட்டேன். 'ஏ தாயி, கடல் பிடிக்குமா?'ன்னேன். 'கரையில உக்காந்து பாக்கதுன்னா எம்புட்டு நேரமும் பாப்பேன் தாத்தா. படகுலதான் ஏற மாட்டேன். கன்னியாகுமரிப் பாறைக்குப் போற அந்தக் கொஞ்ச தூரத்துலயே அம்மா மடி பூரா வாந்தி எடுத்துட்டேன்'னா. மாலத்தீவுல ஏர்ப்போர்ட்டே ஒரு தீவுலே. எறங்குன ஒடனே ஸ்பீடு போட்டு, இல்லன்னா தண்ணியில எறங்குத விமானம். மூணு மாசமாப் பாத்தியே, ஒன் புள்ளி வச்ச அறைக்கெல்லாம் எப்பிடிப் போயிச் சேரதுன்னு பாத்தியா? அந்தப் புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அவுககிட்டச் சொல்லிராதீய தாத்தா, ஏதோ தீவு பேரு சொல்லிக்கிட்டே இருக்காக, ஆசையா இருக்காக போல.'

ஒன் சர்ப்ரைஸ் அவளுக்கு எப்பவோ தெரியும்லே, மடையா. அவ வாந்தி எடுக்கத் துணிஞ்சுட்டா.

எந்திரி. போன எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போயி அவட்டப் பேசு. நான் சொன்னேன்னு மட்டும் வாயத் தொறந்துராத, நாளைக்கு அவ கையால கஞ்சி குடிக்க வேண்டியவன் நான். கம்ப்யூட்டரு இங்கனயே கெடக்கட்டும், தூக்கிட்டுப் போவாத. போறதுக்கு முன்னால ஒரு காரியம் பண்ணு. தூத்துக்குடிக்கு வடக்கால கொண்டு போ. இன்னும் கொஞ்சம். விலங்குச்சல்லி கெடந்த எடத்துல கொண்டாந்து நிறுத்திட்டுப் போ. எந்த வருசத்துப் படமா இருந்தாலுஞ் சரி.